ருசி நாக்கிலா? விலைச் சீட்டிலா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! 'தரமே' என்று தரமாகப் பேசி முடித்துவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! பட்டிமன்றம் என்றால் பாயசத்தைக்கூட அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்து உட்காரும் தாய்மார்களே! பெரியோர்களே!

பொருளுக்குப் பெருமை தருவது தரமா, விலையா என்பது தலைப்பு. 'விலையே' என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகத்தான் பேசினார். பட்டுச்சேலை, பாத்திரம், செருப்பு என்று எல்லாக் கடையிலும் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "வெளிநாட்டில் ஒரு பாட்டில் ஒயினுக்கு லட்ச லட்சமாகக் கொடுக்கிறானே, அவன் என்ன முட்டாளா? ருசி இருக்கு, கொடுக்கிறான்! இந்த அம்மாவுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்கு ஐம்பத்தாறு வயசாகுது. ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனா ஐயா, இந்த வழக்கில் குடிக்காத ஆள் சொல்றதுதான் செல்லும். குடிச்சவன் சாட்சியை எந்தக் கோர்ட்டில் எடுத்துக்கிறாங்க? (சிரிப்பு)

நடுவர்: "அம்மா, நீங்க டாக்டர் பட்டம் எதில் வாங்கினீங்க? எனக்கு லேசாச் சந்தேகம் வருது."

சங்க இலக்கியத்தில் வாங்கினேன் ஐயா. அதிலேயும் கள் உண்டு, தேறல் உண்டு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

தம்பி வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார். போவோம். அதுவும் நேராத் தலைநகரத்துக்கே போவோம். 1976ஆம் வருஷம் மே 24ஆம் தேதி. பாரிஸ் நகரம். ஒரு பெரிய ஓட்டல். ஸ்டீவன் ஸ்பரியர் என்று ஓர் ஆங்கிலேயர் ஒரு போட்டி நடத்துகிறார். இவர் பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரன் ஊரில் போய் இங்கிலீஷ்காரன் ஒயின் கடை! மணப்பாறையில் போய் வெளியூர்க்காரர் முறுக்குக் கடை போட்ட மாதிரி. (சிரிப்பு)

போட்டி யாருக்கும் யாருக்கும்? ஒரு பக்கம் பிரான்ஸ் நாட்டின் பெரிய பெரிய ஒயின்கள். தலைமுறை தலைமுறையாய்ப் பேர் வாங்கிய அரண்மனைச் சரக்கு. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து வந்த புதுசுகள். அதில் ஒன்று, 1970இல் கொடி நட்டு, 1973இல் பழம் பறித்துப் பிழிந்தது. மூன்று வயசுக் கொடி! மதிப்பெண் போட உட்கார்ந்த ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். சாமானியப்பட்டவர்கள் இல்லை. ஒயின் பத்திரிகை ஆசிரியர், பெரிய உணவகக்காரர், திராட்சைத் தோட்டக்காரர் என்று அந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள்.

ஸ்பரியர் ஒரே ஒரு காரியம் பண்ணினார். எது எந்தக் கோப்பை என்று பெயரை மறைத்துவிட்டார். நம் பல்கலைக்கழகத்தில் விடைத்தாளில் டம்மி நம்பர் போடுவார்களே, அதுதான். பையன் பேர் தெரியாது, கல்லூரி பேர் தெரியாது. எழுதினதைப் பார்த்து மார்க் போடு!

போட்டார்கள். ஒருத்தர் கலிபோர்னியா ஒயினை உறிஞ்சிவிட்டு, 'ஆகா, பிரான்சுக்குத் திரும்பி வந்துட்டோம்' என்கிற மாதிரி சொக்கிப் போனார். இன்னொருத்தர் தன் நாட்டு உயர்ந்த ஒயினையே முகர்ந்து பார்த்து, 'இதில் வாசனையே இல்லை, இது கலிபோர்னியாதான்' என்று ஒதுக்கினார். கூட்டிப் பார்த்தால் வெள்ளை ஒயினில் முதலிடம் கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டலீனா. சிவப்பு ஒயினில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். அந்த மூன்று வயசுக் கொடி! (கைதட்டல்) முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் அம்மா, 'என் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கொடுங்க' என்று கேட்டாராம். ஐயா, நீங்க தீர்ப்புச் சொன்னபிறகு அந்த மாதிரி கேட்டுடாதீங்க.

நடுவர்: "நான் தாளே வச்சுக்கிறதில்லம்மா."

(சிரிப்பு) அதுதான் அனுபவம்!

அங்கே வந்திருந்த ஒரே பத்திரிகைக்காரர் டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதினார், உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இரண்டு ஒயினிலும் ஒவ்வொரு பாட்டில் இன்றைக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம்பி, நான் கேட்கிறேன். நாக்கு அதே நாக்கு. ஒயின் அதே ஒயின். சீட்டைக் கிழித்தவுடன் பெருமை எங்கே போச்சு?

"அம்மா, அது ஊர்ப் பெருமை. நான் சொன்னது விலை" என்று தம்பி முணுமுணுக்கிறார். காதில் விழுது. விலைக்கே வர்றேன்.

2008இல் அதே கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்து விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். இருபது பேரை மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். வாயில் ஒரு குழாய். குழாய் வழியாக ஒயின். நம்ம ஊரில் ஆள் குடித்துவிட்டுப் படுப்பான். அங்கே படுக்க வைத்துக் கொடுத்தார்கள்! (சிரிப்பு) ஒவ்வொரு முறையும் 'இது இன்ன விலை' என்று காட்டுவார்கள். குடித்துவிட்டு எப்படி இருக்கு என்று சொல்ல வேண்டும். ஐந்து விதமான ஒயின் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் இருந்தது மூன்றுதான். 5 டாலர் ஒயினை ஒரு தடவை 5 டாலர் என்றே கொடுத்தார்கள். அதையே இன்னொரு தடவை 45 டாலர் என்று கொடுத்தார்கள். 90 டாலர் ஒயினை ஒரு முறை உண்மை விலையைச் சொல்லியும், ஒரு முறை 10 டாலர் என்று பொய் சொல்லியும் கொடுத்தார்கள்.

என்ன ஆச்சு? விலை கூடச் சொன்னபோதெல்லாம் 'பிரமாதம்' என்றார்கள். குறைத்துச் சொன்னபோதெல்லாம் 'சுமார்' என்றார்கள். ஒரே பீப்பாய்ச் சரக்கு! சில வாரம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, விலையே சொல்லாமல் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்லவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் பகட்டுக்காகப் பொய் சொல்லவில்லை. நான் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் படித்தேன். 'நாலு பேர் முன்னால விலை கூடினதை நல்லா இருக்குன்னு சொல்லாட்டி மரியாதை போயிடுமே' என்று சொல்லியிருப்பார்கள் என்று பார்த்தால், மூளைப் படம் வேற சொல்லுது. விலை கூடச் சொன்னபோது, நெற்றிக்குப் பின்னால் இன்பத்தை எடைபோடும் பகுதி உண்மையிலேயே அதிகமாக வேலை செய்திருக்கிறது. நாக்கிலிருந்து வரும் ருசியை முதலில் வாங்கும் பகுதி மாறவே இல்லை. நாக்கு அனுப்பிய கடிதம் ஒன்றுதான். அதைப் படித்த இடத்தில் விலையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் தம்பி, லட்சம் கொடுத்தவன் முட்டாள் இல்லை என்று நீங்கள் சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு இன்பம் நிஜமாகவே கிடைக்கிறது. ஆனால் அது பாட்டிலுக்குள்ளிருந்து வரவில்லை. பில்லிலிருந்து வருகிறது! (கைதட்டல்)

இந்த ஆராய்ச்சிக்கு இத்தனை செலவு தேவையே இல்லை ஐயா. எங்கள் மாமியார் செலவில்லாமல் செய்தார். என் மாமனாருக்குக் கும்பகோணத்திலிருந்து வருகிற காப்பித்தூள்தான் தொண்டையில் இறங்கும். ஒரு தடவை தூள் வந்து சேரவில்லை. மாமியார் தெருமுனைக் கடையில் கால் கிலோ வாங்கி, அதே பழைய டப்பாவில் கொட்டி வைத்துவிட்டார். ரெண்டு வாரம். ஒவ்வொரு வாய்க்கும் 'இதுக்குப் பேரு காப்பி!' என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். மருமகள் நான் அடுக்களையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். (சிரிப்பு)

கண் இருக்கிறதே, அது இன்னும் மோசம். பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் கலை படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். 2001இல் வெளிவந்த ஆராய்ச்சி. சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வருணனைகளையே எழுதினார்கள். பாவம், படிக்கிற பிள்ளைகள், விட்டுவிடுவோம்.

"பாமரனுக்குத் தெரியாது, நிபுணனுக்குத் தெரியும்" என்பார் அடுத்து வரப்போகும் எதிரணி அம்மையார். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2008இல் இன்னொரு கணக்கு வெளிவந்தது. பெயர் மறைத்துக் குடித்த 6,000க்கும் மேற்பட்ட தீர்ப்புகள். விலை ஒன்றரை டாலர் சொச்சத்திலிருந்து 150 டாலர் வரை. பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்கள், விலை கூடிய ஒயினைச் சற்றே குறைவாகத்தான் விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்கள் விலை கூடியதை ஓரளவு கண்டுபிடித்தார்கள். மறைக்க மாட்டேன், இது எதிரணிக்கு ஒரு மார்க். ஆனால் அந்த நிபுணர்களையும் ஒருவர் சோதித்தார். கலிபோர்னியாவில் மாநில அளவில் நடக்கும் ஒயின் போட்டியில், ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பை ஊற்றி, மற்றவைகளுக்கு நடுவே கலந்து, நடுவர்களிடம் நீட்டினார். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஒரே ஒயின் இந்தப் பக்கம் பதக்கம், அந்தப் பக்கம் பரிதாபம்!

சரி, விலை எல்லாமே புளுகா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் பேசினாலும் உண்மை என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்ச் விஸ்கி என்று பேர் வைக்க வேண்டுமானால் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு, பதினெட்டு வருஷம் கிடப்பதும் உண்டு. கிடக்கும்போது வருஷத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போகும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று அந்த ஊரில் பேர். தேவதைகள் குடித்ததற்கும் மனுஷன்தான் காசு கொடுக்கணும். (சிரிப்பு) பீப்பாய் விலை, கிடங்கு வாடகை, முதலுக்கு வட்டி, எல்லாம் நிஜமான செலவு. மட்டமாகச் செய்ததற்கும் ஒழுங்காகச் செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தச் செலவு ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். விலை நிற்காது. படி முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே போகிற மாடி அது.

ஏறுவதற்குப் பீப்பாய்கூட வேண்டாம் என்று காட்டியவர் சிட்னி ஃபிராங்க். அமெரிக்க வியாபாரி. வோட்கா என்று ஒரு சரக்கு. அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் 2020 வரை அதற்கு என்ன இலக்கணம் தெரியுமா? தனிக் குணம் இருக்கக் கூடாது, மணம் இருக்கக் கூடாது, சுவை இருக்கக் கூடாது, நிறம் இருக்கக் கூடாது! நான் இலக்கணம் நடத்துகிறவள். தொல்காப்பியர் காலத்திலிருந்து எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு இலக்கணம் பார்த்ததில்லை. (சிரிப்பு, கைதட்டல்) சுவையே இருக்கக் கூடாது என்கிற சரக்குக்கு உயர்ந்த சுவை என்று எப்படி விலை வைப்பது? ஃபிராங்க் வைத்தார். 1997இல் 'கிரே கூஸ்' என்று பேர் வைத்தார். பிரான்சில் தயாரிக்கச் சொன்னார். அன்றைக்கு உயர்ந்தது என்று விற்ற வோட்காவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை வைத்தார். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏழே வருஷம். 2004இல் அந்தப் பேரை பகார்டி நிறுவனத்துக்கு 200 கோடி டாலருக்கும் மேலே விற்றார். அடுத்த வருஷமே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 21 வோட்காக்களைப் பெயர் மறைத்துக் குடித்துப் பார்த்தது. முதலிடம் எதற்கு? எல்லாக் கடையிலும் கிடைக்கிற, விலை குறைந்த ஸ்மிர்னாஃபுக்கு!

இந்தச் சீமைச் சரக்கு மோகம் நமக்கும் புதுசில்லை ஐயா. புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர, உண்டு மகிழ்ந்திரு என்கிறார். உள்ளூரில் பனை இருந்தது, தென்னை இருந்தது. ராஜாவுக்கு யவனர் சரக்கு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பாட்டுக்கு மண்ணே சாட்சி சொன்னது. அதே புறநானூற்றில் அதியமான் இறந்தபிறகு ஔவையார் அழுகிற பாட்டும் இருக்கிறது. அவர் நினைத்து அழுவது கள்ளின் உசத்தியை இல்லை. கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்தானே, நிறையக் கிடைத்தால் கூட உட்கார்ந்தானே என்றுதான் அந்தக் கிழவி ஏங்குகிறாள். என்ன சரக்கு, என்ன விலை என்று ஒரு பேச்சும் இல்லை. இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது எனக்குக் குரல் அடைக்கும். சரி, அது வேறு மேடைக்கு.

இப்போது தம்பி சொன்ன அந்த லட்சக்கணக்கு ஒயினுக்கே வந்துவிடுகிறேன். ரூடி குர்னியவான். இந்தோனேசியாவிலிருந்து போய் கலிபோர்னியாவில் இருந்த இளைஞன். பழைய பிரெஞ்சு ஒயின்களுக்குப் பெரிய ரசிகன் என்று பேர். 2006இல் அவன் சேர்த்து வைத்திருந்த ஒயின் நியூயார்க் ஏலத்தில், இரண்டே விற்பனையில் மூன்று கோடி டாலருக்கும் மேலே போனது. கோடீஸ்வரர்கள் வாங்கினார்கள், திறந்தார்கள், குடித்தார்கள், புகழ்ந்தார்கள். பையன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, விலை குறைந்த ஒயின்களை ஒன்றோடு ஒன்று கலந்து, பழைய பாட்டிலில் ஊற்றி, பழைய சீட்டு மாதிரி அச்சடித்து ஒட்டினான்! நாம் ரசப்பொடி கலப்போமே, அந்த மாதிரி.

எப்படி மாட்டினான்? யாராவது குடித்துவிட்டு, 'ஏய், இது அது இல்லையே' என்று கத்தியா பிடித்தார்கள்? 2008இல் ஏலத்துக்கு வந்த பாட்டில்களில் 1945 முதல் 1971 வரை வருஷம் போட்டு, பிரான்சின் பொன்சோ குடும்பத்து ஒயின் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்தக் குடும்பத்து லாரன் பொன்சோ விமானம் ஏறி வந்து, 'ஐயா, அந்த ஒயினை நாங்கள் செய்ய ஆரம்பித்ததே 1982இல்தான்' என்றார். (கைதட்டல்) ருசி காட்டிக் கொடுக்கவில்லை ஐயா, தேதிதான் காட்டிக் கொடுத்தது. நல்லா மார்க் வாங்கின பையன், தேதியைத் தப்பாப் போட்டு மாட்டிக்கிட்ட கதை. 2012இல் கைது. 2014இல் பத்து வருஷச் சிறை. அதற்கு அடுத்த வருஷம் டெக்சாஸ் மாநிலத்தில் 500க்கும் மேற்பட்ட போலிப் பாட்டில்களை அரசாங்கமே நொறுக்கிப் போட்டது.

ஐயா மணியில் கை வைக்கிறார். இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

நான் இவ்வளவு பேசியதைக் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் யாராவது ஒரு ஆண்மகன், 'பேராசிரியையே சொல்லிட்டாங்க, மலிவா வாங்கினாலும் அதே ருசிதானாம்' என்று கிளம்பிவிடக் கூடாது. விலை கூடினதிலும் குறைந்ததிலும் உள்ளே இருக்கிற எரிசாராயம் ஒன்றேதான். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே பட்டியலில் போட்டாச்சு. மூளையாவது விலைச் சீட்டைப் படிக்குது. கல்லீரலுக்குப் படிக்கத் தெரியாது.

தம்பி, 'நல்லது கெட்டதை நாக்கு கண்டுபிடித்துவிடும், அதனால்தான் விலை' என்று நீங்கள் சொன்னீர்கள். மேல்தட்டில் கண்டுபிடிக்கவில்லை என்று இவ்வளவு நேரம் காட்டினேன். கீழ்த்தட்டில்? 2024 ஜூன் மாதம், நம்ம கள்ளக்குறிச்சி, கருணாபுரம். பாக்கெட்டில் விற்ற சாராயம். கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள் குடித்தார்கள். அதில் மெத்தனால் கலந்திருந்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனையை வைத்தோ ருசியை வைத்தோ அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே போய் அமிலமாக மாறிக் கண்ணைத்தான் முதலில் கெடுக்கும். அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்து வாசலில் பந்தல் போட்டிருந்ததை நீங்கள் எல்லோரும் இதே தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்த்தீர்கள். பெண்களும் செத்தவர்களில் உண்டு.

அவர்களுக்கும் நாக்கு இருந்தது தம்பி. முப்பது வருஷம், நாற்பது வருஷம் பழகின நாக்கு. அது ஒன்றும் சொல்லவில்லை. என்ன கலந்திருந்தது என்பதைப் பிறகு ஆய்வுக்கூடம்தான் சொன்னது.

மணி அடித்துவிட்டார் ஐயா.